முன்வலது தண்டும் மூன்று துடுப்பு மெஷின்களும்

எண்பத்தேழாம் வருஷம், உயிர்ப்புப் பெருவிழா முடிந்த மறு ஞாயிறு மதியம், மெர்கோங் வரிசைவீடு ஒன்றின் கூடத்தில் இருந்தவர்கள்:

ஏசுதாசன், வீட்டுக்காரர். கோலா கெத்தில் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் ஆஸ்பத்திரி டிரஸராக இருந்து ஓய்வு பெற்றவர். வலது தோளில் தைலப்பற்று.

ரோசம்மா, அவர் மனைவி. கையில் ஓர் எலுமிச்சம்பழம்.

மோரிஸ், மகன். இன்சூரன்ஸ் விற்கிறவன். கல்யாணம் ஆகவில்லை. முன்னறை அவனுடையது.

கேதரின், மகள். பாலர் பள்ளி ஆசிரியை.

சிரில், கேதரினின் கணவன். அரிசி ஆலையில் கிடங்குக் கணக்கு எழுதும் கிராணி. நாற்காலிகள் நிரம்பிவிட்டதால் நின்றுகொண்டிருந்தான்.

வீரசாமி, பக்கத்து வீடு, சைக்கிள் கடைக்காரர். கூப்பிடாமல் வந்தவர்.

இவர்களைத் தவிர ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. அதை யாரும் அணைக்கவில்லை. பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் அதுதான் காரணம்.

கேதரினுக்கு அந்த நாளில் ஒரே ஓர் ஆசைதான். மற்றப் பெண்கள் தங்கம் கேட்பார்கள். அவளுக்கு ஒரு கதவு வேண்டும். சாத்தினால் சாத்திக்கொள்கிற கதவு. கல்யாணமான கையோடு அவளும் சிரிலும் ஒரு புதுக் குடியிருப்புத் தாமானில் வீட்டுக்குப் பதிந்திருந்தார்கள். கட்ட வந்தவன் சுவர் வரைக்கும் எழுப்பிவிட்டு ஓடிப்போனான். கூரையில்லாத அந்த வீட்டில் இப்போது யாரோ ஆடு கட்டுகிறார்கள். 'வீடு முடியும் வரைக்கும்' என்று அப்பா வீட்டுக்கு வந்தவர்கள், கூடத்து மூலையில் வாத்துப் படம் போட்ட திரைக்குப் பின்னால் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார்கள். திரைக்கு உள்ளே சிரில் புரண்டு படுத்தால் வெளியே ஏசுதாசன் இருமுவார். குளியலறைக்குப் போகிறவர்கள் திரையை உரசிக்கொண்டுதான் போகவேண்டும். மோரிஸ் மட்டும் உரசுவதோடு நிற்காமல் வாத்து மாதிரிக் கத்திவிட்டும் போவான். ரோசம்மாவோ மாதம் தவறாமல் மகளிடம் "ஏதும் விசேஷம் உண்டாடி?" என்று கேட்பாள். அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏசுதாசன் தொண்டையைச் செருமினார்.

"என் தோளு ரோசாக் ஆயிருச்சு, கெட்டுப்போச்சு. இந்த வருசம் அந்தோணியாரைத் தூக்க முடியாது."

தோட்டத்து அந்தோணியார் கோயில் சப்பரத்தை நான்கு பேர் தூக்குவார்கள். முன்னால் இரண்டு தோள், பின்னால் இரண்டு தோள். அதில் முன்வலது தண்டு ஏசுதாசன் குடும்பத்துக்கு உரியது. நடைக்குக் குரல் கொடுப்பவன் முன்வலதுதான். அந்தோணியாரின் பட்டுப் போர்வையும் கிரீடமும் இருக்கிற தகரப் பெட்டி வருஷம் முழுக்க அவன் பொறுப்பில் இருக்கும். பெட்டி இருந்தது முன்னறையில். அந்த வீட்டிலேயே ஒழுங்காகப் பூட்டும் கதவு முன்னறைக்குத்தான். கர்த்தருக்கு முன்னாலும் கள்ளனுக்கு முன்னாலும் பெட்டிக்குத் தானே பொறுப்பு என்று சொல்லிக்கொண்டு, மோரிஸ் அதன்மேல் அழுக்குச் சட்டைகளைப் போட்டுவைத்திருந்தான்.

"முன்வலது யாருக்கோ பெட்டி அவனுக்கு. பெட்டி இருக்குற அறையும் அவனுக்கு," என்றார் ஏசுதாசன். "முன்னிடதும் இந்த வருசம் காலியா இருக்கு. அந்த வீட்டு ஆளுங்க சிங்கப்பூர் போயிட்டாங்க. ரெண்டு பேரும் முன்னால நில்லுங்க. லயத்து வீடுகளச் சுத்தி வந்து கோயில் படி ஏறுற வரைக்கும் எவன் 'மாத்து'ன்னு ஆள் கூப்புடாம தூக்குறானோ, அவனுக்கு முன்வலது."

"ரெண்டு பேரும் கூப்புடலைன்னா?" என்று கேட்டாள் கேதரின்.

"மகனுக்கு."

"அதான பார்த்தேன்."

"உனக்கு என்னடி வாய்? மாப்பிள்ளையே பேசாம நிக்கிறாரு."

மாப்பிள்ளை எப்போதும் பேசாமல்தான் நிற்பான். மூட்டைகளுக்கு நடுவே குட்டை மேசையில் குனிந்து எழுதி எழுதி அவன் முதுகு வளைந்திருந்தது. மாமியார் வீட்டில் சாப்பிடுகிறவனின் முதுகு தானாகவும் வளையும். இரண்டும் சேர்ந்து அவன் ஒரு கேள்விக்குறி மாதிரி இருந்தான்.

தூக்குகிற ஜோடியைப் பார்ப்பதற்கு அந்தத் தோட்டத்தில் ஒரு முறை உண்டு. இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, தோளுக்குத் தோள் ஒரு பலகையை வைத்து, நடுவில் எலுமிச்சம்பழத்தை வைப்பார்கள். பழம் உருளாமல் நின்றால் ஜோடி சரி. உருண்டால், யார் பக்கம் உருண்டதோ அவன் வீட்டுக்குப் போகலாம். ரோசம்மா பழத்தை வைத்தாள். மோரிஸ் நிமிர்ந்து நின்றால் சிரிலைவிட இரண்டு விரல்கடை குட்டை. ஆனால் சிரில் நிமிர்வதில்லையே. பழம் நின்றது. "ஆமென்," என்றார் வீரசாமி. அவர் தினமும் காலையில் கடையில் பிள்ளையாருக்குச் சூடம் காட்டுகிறவர். எந்த வீட்டுக்குப் போகிறாரோ அந்த வீட்டு வார்த்தையைப் பேசுவார்.

அப்போதுதான் தொலைக்காட்சியில் துடுப்புப் போட்டி வந்தது. வெள்ளைக்காரர்கள் எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்து இழுத்தார்கள். ஏசுதாசன் எழுந்து தொலைக்காட்சிக்கு அருகே போனார்.

"தோளப் பாரு. முதுகப் பாரு. இதுதான்டா மருந்து."

தோட்டத்தில் தலைவலிக்கும் வயிற்றுப்போக்கிற்கும் ஒரே வெள்ளை மாத்திரையைக் கொடுத்து முப்பது வருஷம் ஒப்பேற்றியவர் அவர். அவர் மருந்து என்று சொல்லிவிட்டால் அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது.

"கோத்தா கோலா மூடாவுல என் கூட்டாளிக்கு சம்பான் படகு இருக்கு டிரஸரய்யா," என்றார் வீரசாமி. "ஆத்துல வச்சு இழுக்கலாம்."

"சாமி தூக்க பயிற்சி எடுக்குறானுங்கன்னு ஊரே சிரிக்கவா? எதா இருந்தாலும் வீட்டுக்குள்ள."

"அப்ப துடுப்பு மெஷின் வேணும். தாப்பாலா, பரவால்ல, நான் பாத்துக்கிறேன்."

முதல் மெஷின் அந்த வாரமே வந்தது. வீரசாமி தன் கடையில் தானே செய்தது. ஒரு நீளப் பலகை, அதன்மேல் சக்கரம் வைத்த சின்ன இருக்கை, ஜன்னல் கம்பியில் மாட்ட நான்கு சைக்கிள் டியூப்புகள், டியூப் முனையில் ஒரு மண்வெட்டிக் காம்பு. காலை முட்டுக்கொடுத்துக் காம்பைப் பிடித்து இழுக்கவேண்டும்.

"ரப்பர்ல பொறந்து ரப்பர்ல வளந்தவங்க நம்ம," என்றார் வீரசாமி. "இத விட வேற என்ன வேணும்?"

மோரிஸ் உட்கார்ந்து இழுத்தான். தொடக்கத்தில் கையில் ஒன்றுமே இல்லை. பாதி தூரம் வந்ததும் டியூப் விழித்துக்கொண்டது. கடைசியில் காம்பு நெஞ்சுக்கு வருகிறபோது அது அவனைச் சக்கரத்தோடு ஜன்னலுக்கே இழுத்துப் போனது.

"அண்ணே, இழுக்குறது நானா, அதுவா?"

"நீ பிடிக்கிறது தப்பு தம்பி. ஓரமா நில்லு, நான் காட்டுறேன்."

வீரசாமி காட்டினார். நன்றாகவே காட்டினார். காம்பு அவர் தொப்பை வரைக்கும் வந்தது. "பாத்தீங்களா, மூச்ச அடக்கி..." என்று சொல்லத் தொடங்கும்போது ஒரு டியூப் அறுந்தது. அறுந்த முனை அவர் காதுப்பக்கம் பளீர் என்று வைத்தது. மிச்ச மூன்று டியூப்பும் மண்வெட்டிக் காம்பைப் பறித்துக்கொண்டு போய் ஜன்னல் கண்ணாடியை உடைத்தன. ரோசம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். வீரசாமி காதைத் தடவியபடி, "டியூப் பழசு," என்றார்.

அந்தப் பலகை அதற்குப்பிறகு சுவரோரம் சாய்ந்து நின்றது. மற்ற இரண்டு மெஷின்கள் அப்புறம் வந்தவை.

சிரிலுடையது எண்ணெய்க் குழாய் மெஷின். பினாங்கு வழியாக வீரசாமிதான் தருவித்தார். மோட்டார்சைக்கிளின் அதிர்வு தாங்கும் குழாய் மாதிரி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குழாய்கள். அவற்றில் இரண்டு கைப்பிடிகள். இழுத்தால் குழாய்க்குள் எண்ணெய் நகரும், அதுதான் எதிர்ப்பு. சின்னது, சத்தமில்லாதது, மடக்கினால் கட்டிலுக்கடியில் போய்விடும். திரைக்குப் பின்னால் நடத்துகிற குடும்பத்துக்கு அதைவிட்டால் வேறு கதியில்லை. ஒரே குறை, கைப்பிடிகள் குட்டை. குனிந்தால் முழங்கால் முகவாயில் இடிக்கும். விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்துதான் இழுக்க முடியும்.

மோரிஸ் கொண்டுவந்தது காற்றாடி மெஷின். தோட்டத்து மேனேஜர் துரை ஊருக்குக் கப்பல் ஏறியபோது விட்டுப்போனது. ஒரு நீளத் தண்டவாளம், அதன் தலையில் சைக்கிள் சக்கரம், சக்கரம் முழுக்கத் தகர இறகுகள், இழுக்க ஒரு சங்கிலி. இழுத்தால் சக்கரம் சுழன்று காற்றைக் கிழிக்கும். அந்தச் சத்தத்தில் செய்தி வாசிக்கிறவர் வாயசைப்பது மட்டும்தான் தெரியும். நீளத்தைக் கேட்கவே வேண்டாம். கூடத்தில் குறுக்காகப் போட்டும் இடம் போதவில்லை. வால் வாசலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"வாசக்கதவ எப்படிடா சாத்துறது?" என்று கேட்டாள் கேதரின்.

"எதுக்குச் சாத்தணும்? காத்து வரட்டும்கா."

இருந்த ஒரே உள்கதவு தம்பியிடம். இப்போது வெளிக்கதவும் போயிற்று. கேதரின் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சாயங்காலமானால் இருவரும் மெஷினில் ஏறிவிடுவார்கள். மெர்கோங்கில் பாதிப்பேர் அந்தப் பக்கமாகக் கடைக்குப் போக ஆரம்பித்தார்கள். ஏசுதாசனும் வீரசாமியும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எது உயர்ந்த மெஷின் என்று வாதாடுவார்கள்.

"காத்தாடிதான் மெஷின். பாக்க கம்பீரமா இருக்கு," என்பார் ஏசுதாசன்.

"கம்பீரம் யாருக்கு வேணும்? மெஷின்னா குழாய் மெஷின்தான். எண்ணெய் விட்டா எந்தக் காலத்துக்கும் ஓடும்."

"எண்ணெய் தரையில ஓடுது வீரசாமி. நேத்து ரோசம்மா வழுக்கி விழுந்தா."

"அம்மா நல்ல எடை. விழுந்தா எந்தத் தரையும் தாங்காது," என்றான் மோரிஸ், மூச்சிரைக்க.

ரோசம்மா இந்தச் சண்டையில் காற்றாடிக் கட்சி. காற்று அடிக்கிற பக்கமாக முறத்தில் அரிசி வடகத்தைப் பிழிந்து வைப்பாள். மோரிஸ் களைத்து நிறுத்தினால், "இன்னும் ஈரமா இருக்குடா, இழு," என்பாள்.

ஆனால் சீக்கிரமே ஒரு விநோதம் தெரிய ஆரம்பித்தது. சிரில் தொடங்கும்போது முக்குவான். அரை மணி போனால் பாட்டுப் பாடிக்கொண்டு இழுப்பான். "கேதரின், பாரு, இப்ப பஞ்சு மாதிரி இருக்கு. என் பலம் ஏறிக்கிட்டே போவுது," என்பான். மோரிஸின் கதை நேரெதிர். மெல்ல இழுத்தால் சும்மா வரும். ஆத்திரப்பட்டு வேகமாக இழுத்தால் காற்று சுவராக நின்று மறிக்கும். எவ்வளவு பலமாக இழுக்கிறானோ அவ்வளவு பாரம். சங்கிலியை எட்டிப் பிடிக்கக் குனிந்து குனிந்து அவன் தோள்கள் முன்னால் தொங்க ஆரம்பித்தன.

"என்னமோ எனக்கு ஆயிருச்சு அம்மா. நாளுக்கு நாள் பலம் கொறையுது. ரத்தம் எடுத்துப் பாக்கணும்."

ஏசுதாசன் அவனுக்கு ஒரு வெள்ளை மாத்திரை கொடுத்தார்.

வீரசாமி சிரிலின் குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினார். "அம்மாடி! தோசைக்கல்லு மாதிரி கொதிக்குது. தம்பி இழுக்குற இழுப்புல இரும்பே சூடாவுதய்யா!"

சிரில் நெஞ்சை நிமிர்த்தினான்.

ஒருநாள் அவன் குளிக்கப் போனதும் கேதரின் அந்த மெஷினில் உட்கார்ந்தாள். கைப்பிடியைச் சுண்டுவிரலால் இழுத்தாள். வந்தது. மறுநாள் காலை, குழாய் ஆறிக் கிடந்தபோது இரண்டு கையாலும் இழுத்தாள். அசைய மறுத்தது. அவளுக்கு விளங்கிவிட்டது. எண்ணெய் சூடேறினால் இளகும். வடைச் சட்டிக்கு முன்னால் நின்ற எவளுக்கும் தெரிந்த விஷயம். ஏறுவது இவன் பலம் இல்லை, எண்ணெயின் சூடு. ஆக, மோரிஸின் மெஷின் ஆளைத் திட்டி வேலை வாங்குகிறது. சிரிலுடையது ஆளுக்கு ஐஸ் வைக்கிறது.

சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்து சிரில் குளித்துவிட்டு, தலையைத் துவட்டியபடி நிமிர்ந்து நடந்து வந்தான். கேள்விக்குறி ஆச்சரியக்குறியாகிக்கொண்டிருந்தது. அவன் இவ்வளவு உயரம் என்று அவளுக்கே அன்றுதான் தெரியும். "அத்தை, இன்னும் ரெண்டு இட்லி வைங்க," என்று அவன் சத்தமாகக் கேட்டான். அந்த வீட்டுக்கு வந்த நாளாய் அவன் இரண்டாவது முறை எதையும் கேட்டதில்லை. கேதரின் வாயை மூடிக்கொண்டாள்.

மூடிக்கொண்டாளே தவிர, திருநாளன்று சாமிக்குக் கீழே நிற்கும்போது இவன் என்ன ஆவான் என்ற கேள்வி அவளை விடவில்லை. அந்தோணியார் எண்ணெய் இல்லை. தூக்கத் தூக்க இளகமாட்டார்.

ஜூன் மாதம், அந்தோணியார் திருநாளை ஒட்டிய ஞாயிறு, காலைப் பூசை முடிந்து சப்பரம் வெளியே வந்தது. தோட்டமே கூடியிருந்தது. கோலா கெத்திலிலிருந்தும் சுங்கைப் பட்டாணியிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். மேளக்காரர் மாரியம்மன் கோயிலுக்கு அடிக்கிறவர். அந்தோணியாருக்கும் அவரேதான் அடிப்பார். வீரசாமி கடை வேனைக் கொண்டுவந்து நிறுத்தி, "அண்ணே தள்ளு, தம்பி தள்ளு," என்று கூப்பிடாமலே கூட்டத்தை ஒழுங்கு செய்தார்.

மாப்பிள்ளை மரியாதைக்காக முன்வலதில் சிரில். முன்னிடதில் மோரிஸ். யாரும் மறுபடி பலகையும் எலுமிச்சம்பழமும் வைத்துப் பார்க்கவில்லை. ஏற்கெனவே பார்த்த ஜோடிதானே.

"தூக்கு!" என்று சிரில் குரல் கொடுத்தான். சப்பரம் எழுந்தது.

பெண்கள் மெழுகுவத்தி ஏந்திப் பின்னால் வந்தார்கள். கேதரின் கணவனையே பார்த்துக்கொண்டு நடந்தாள். முதல் லயத்தைத் தாண்டும் முன்பே அவன் பிடரி கறுத்துச் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. மோரிஸோ பூங்காவில் உலாவுகிறவன் மாதிரி வந்தான். தெரிந்தவர்களுக்குத் தலையசைத்தான். ஒரு பெண்பிள்ளைக் கூட்டத்தைப் பார்த்து மீசையையும் ஒதுக்கிக்கொண்டான்.

"காத்தாடியில பழகின உடம்பு," என்று முன்னால் குடை பிடித்து நடந்த ஏசுதாசன் பெருமையாகச் சொன்னது பின்வரிசை வரைக்கும் கேட்டது. "மாப்பிள்ளைக்கு வேர்க்குது பாரு. குழாய் மெஷின்! அதெல்லாம் பொம்பளைங்க வச்சு விளையாடுறது."

சப்பரத்தில் அந்தோணியாரும் என்னவோ போலிருந்தார். வழக்கமாக நேரே சனங்களைப் பார்த்து வருகிறவர், இன்றைக்குக் கொஞ்சம் மல்லாந்து, ரப்பர் மரங்களின் உச்சியில் யாரையோ தேடுவது மாதிரி வந்தார். ஏன் மல்லாந்திருக்கிறார் என்று பார்க்கத்தான் கேதரின் வரிசையை விட்டு இடதுபக்கம் ஒதுங்கினாள். அங்கேயிருந்து மோரிஸின் தோளைப் பார்த்தாள்.

தோள் ஒரு பக்கம் இருந்தது. தண்டு அதற்கு மேலே, தன் பாட்டுக்கு, காற்றில் போய்க்கொண்டிருந்தது. நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

ஒரு நொடியில் எல்லாம் பிடிபட்டது. சிரில் நிமிர்ந்துவிட்டான், மோரிஸ் தொங்கிவிட்டான். முன்பாரம் முழுக்க சிரில் தோளில். மோரிஸ் தண்டைக் கையால் தொட்டுக்கொண்டு நடக்கிறான், அவ்வளவுதான். இப்படியே போனால் சிரில் பாதியில் 'மாத்து' என்பான். சொல்லாமல் முடித்தாலும் இரண்டு பேரும் முடித்ததாகி, அறை மகனுக்கு. எப்படிப் பார்த்தாலும் திரைதான், வாத்துதான்.

அவள் கத்த முடியாது. வீட்டுப்பெண் பவனி நடுவில் தம்பியைக் காட்டிக்கொடுத்தால் அடுத்த திருநாள் வரைக்கும் பேச்சு ஓயாது. பக்கத்தில் செல்லாயி நடந்துகொண்டிருந்தாள். ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிறவள். ஒரு நிரையிலிருந்து மூன்றாவது நிரைக்குக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. அவளுக்கு ரகசியம் பேசவே தெரியாது என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

"செல்லாயி அக்கா," என்று கேதரின் மெல்லச் சொன்னாள், "எனக்கு தூரத்துப் பார்வை சரியில்ல. மோரிஸ் தோள்ல ஏதோ பூச்சி மாதிரி தெரியுது. அட்டையா இருக்குமோ? கொஞ்சம் பாருங்களேன்."

செல்லாயி எட்டிப் பார்த்தாள். இன்னும் ஓரடி முன்னால் போய்க் குனிந்து பார்த்தாள்.

"அடேய் மோரிசு! தண்டு எங்கடா, நீ எங்கடா? நடுவுல கோழி முட்ட வச்சு அவிக்கலாம் போலயே!"

மேளம் நின்றது. ஜெபம் நின்றது. மோரிஸ் சட்டென்று குதிகாலை உயர்த்தி நுனிக்காலில் நடக்கப் பார்த்தான். அது இன்னும் மோசமாக இருந்தது. ஏசுதாசன் குடையோடு திரும்பி வந்து, மகன் தோளுக்கும் தண்டுக்கும் நடுவே கையை விட்டார். விரல், உள்ளங்கை, கடைசியில் கைக்கடிகாரமும் போனது.

"என்னடா இது?"

"நான் என்னப்பா செய்றது? சாமி என்மேல பாரமே வைக்கல. அவருக்கு என்மேல பிரியம்."

"அட, லாட்டரிக்கு நம்பரு சொல்ற சாமியார் கணக்கா பேசுறான் பாரு!" என்றாள் செல்லாயி. கூட்டம் சிரித்தது. பங்குச்சாமியார் சிரிக்காமலிருக்கப் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்.

"மாமா," என்றான் சிரில். பல்லுக்குள்ளிருந்து வந்தது குரல். "எதாச்சும் ஒண்ணு சீக்கிரம் பண்ணுங்க."

வீரசாமி வேனிலிருந்து துண்டுகளை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். கிரீஸ் துடைக்கிற துண்டுகள். நான்காக மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக மோரிஸ் தோளில் அடுக்கி, இடைவெளியை அடைத்தார். "இப்ப பழம் வச்சா நிக்கும்," என்றார். "நட தம்பி."

சிரில் குரல் கொடுத்தான். சப்பரம் நகர்ந்தது. அந்தோணியார் தலையைத் தாழ்த்தி மறுபடி சனங்களைப் பார்த்தார். மோரிஸின் முகத்தைத்தான் பார்க்கவேண்டும். அதுவரைக்கும் அந்தோணியாருக்கு எடை உண்டு என்று யாரும் அவனிடம் சொன்னதில்லை போலிருந்தது. கண் பிதுங்கியது. தண்ணீர்க் குழாயடியைக் கூடத் தாண்டவில்லை.

"மாத்து! மாத்துங்கடா! அப்பா, மாத்து!"

பக்கத்தில் நின்ற ஒருவன் ஓடிவந்து தோள் கொடுத்தான். மோரிஸ் தோளில் கிரீஸ் அடையாளத்தோடு ஓரமாகப் போய்க் கல்லில் உட்கார்ந்தான். செல்லாயி அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். "குடி. முட்ட இன்னும் அவியல," என்றாள்.

சிரில் கோயில் படி ஏறும் வரைக்கும் தூக்கினான். அவன் பலம் எங்கேயிருந்து வந்தது என்று கேதரினுக்கு விளங்கவில்லை. எண்ணெயா, ஆத்திரமா, அந்த வாத்துகளா, தெரியாது. "இறக்கு!" என்று அவன் குரல் கொடுத்தான். சப்பரம் இறங்கியது. சிரில் இறங்கவில்லை. தூக்கிய கையும் நிமிர்ந்த முதுகுமாக அப்படியே நின்றான்.

"மாப்பிள்ளை, வாங்க," என்றார் ஏசுதாசன்.

"வர முடியல மாமா. பூட்டிக்கிச்சு."

எந்தப் பக்கமும் மடங்கவில்லை. ஏசுதாசன் முதுகைத் தட்டிப் பார்த்தார். பலகையைத் தட்டியதுபோல் சத்தம் வந்தது. சட்டைப்பையிலிருந்து வெள்ளை மாத்திரையை எடுத்தார். கேதரின் அதை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

வேனில் வீரசாமியின் ரப்பர் மெஷின் பலகை கிடந்தது. பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிட ஏற்றியிருந்தார். அதில் சிரிலைக் கிடத்தி நான்கு பேர் தூக்கி வேனில் ஏற்றினார்கள். "மட்டம் பாத்துத் தூக்குங்கடா," என்றாள் செல்லாயி. மெர்கோங் வந்து சேர்கிற வரைக்கும் வீரசாமி பேசிக்கொண்டே வந்தார். "நான் அன்னைக்கே சொன்னேன். மூணுலயும் என் மெஷின்தான் உருப்படி. பாருங்க, கடைசியில எது தாங்குது?"

வாசலில் காற்றாடி மெஷினின் வால் மறித்தது. நோயாளியைக் கொண்டு போக வழியில்லை.

"இதத் தூக்கி எங்க வைக்கிறது?" என்றார் வீரசாமி.

"என் இடத்துல வைங்க," என்றாள் கேதரின். "திரைக்குப் பின்னால."

காற்றாடி மூலைக்குப் போனது. திரையைக் கிழித்துக்கொண்டு அதன் தலை வெளியே நீட்டியது. இரண்டு வாத்துகள் தரையில் கிடந்தன. சிரிலை முன்னறைக்குக் கொண்டுபோய், மோரிஸின் மெத்தையை உருவி எறிந்துவிட்டு, பலகையோடு கட்டிலில் கிடத்தினார்கள். தகரப் பெட்டியின்மேல் கிடந்த அழுக்குச் சட்டைகளை ரோசம்மா வாரிக்கொண்டாள். ஏசுதாசன் இடுப்பிலிருந்து முன்னறைச் சாவியை எடுத்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மகளிடம் கொடுத்தார்.

"பெட்டி பத்திரம்."

"சரிப்பா."

"மாப்பிள்ளை பத்து நாளைக்கு அசையக்கூடாது. எந்த வேலையும் கூடாது."

"சரிப்பா."

"எந்த வேலையும்னா எந்த..."

"அப்பா, நீங்க போய் டி.வி. பாருங்க."

அவர் போனார். ரோசம்மா, "வடகம் வறுத்து எடுத்துட்டு வரவா?" என்று கேட்டாள். அவளையும் அனுப்பியாயிற்று. வீரசாமி கட்டில் காலை ஆட்டிப் பார்த்து, ஒரு திருகாணி தளர்ந்திருக்கிறது, ஸ்பேனர் எடுத்து வருகிறேன் என்றார். நாளைக்கு வாங்க அண்ணே என்று அவரையும் அனுப்பினாள். கடைசியில் மோரிஸ் நின்றான். தலையணை ஒரு கையில், தோளில் கிரீஸ்.

"அக்கா, நான் எங்க படுக்கிறது?"

"கூடத்து மூலையில. காத்தாடிக்குப் பக்கத்துல."

"அங்க திரைகூட இல்லக்கா."

"எதுக்குத் திரை? காத்து வரட்டும்."

கட்டிலில் பலகையோடு பலகையாகக் கிடந்த சிரில் சிரிக்க முயன்றான்; முதுகு விடவில்லை. "க்வாக்," என்றான் மெல்ல.

மோரிஸ் திரும்பிப் பார்த்தான். அக்கா முகத்தைப் பார்த்ததும் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிலைப்படியைத் தாண்டினான். கேதரின் அவன் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்தி, சாவியை இரண்டு சுற்று திருப்பிப் பூட்டினாள்.